கம்பி வேலிக்கு வெளியே ஒரு கோச்

மழை பெரிதாக இல்லை. பக்கவாட்டில் அடித்து முகத்தில் குத்துகிற லண்டன் தூறல்தான். பச்சை நிறச் செயற்கைப் புல்லின்மேல் இருபத்திரண்டு பேர் மட்டைகளோடு ஓடிக்கொண்டிருக்கிறார்கள். நான் உள்ளே, கோல் கம்பத்துக்குப் பின்னால், சாவிக்கொத்தோடு நிற்கிறேன். மைதானத்தைச் சுற்றி என்னைவிட இரண்டு மடங்கு உயரமான கம்பி வேலி. வேலிக்கு வெளியே, ஆட்கள் நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கிற பாதையில், மஞ்சள் மழைக்கோட்டோடு ஒரு மனிதர். வயது அறுபத்தைந்தைத் தாண்டியிருக்கும். இரண்டு கை விரல்களும் வேலியின் கண்ணிகளுக்குள் மாட்டியிருக்கின்றன.

“டேவ்! லுக் அப்! பந்தையே பார்க்காத லா, ஆளைப் பாரு!”

டேவ் வெள்ளைக்காரர், தபால்காரர், அணியின் கப்டன். அவருக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. ஆனாலும் தலையை நிமிர்த்தினார்.

மஞ்சள் கோட்டுக்காரர்தான் அந்த அணியின் பயிற்சியாளர். அவர் வளாகத்துக்குள் கால் வைக்கக்கூடாது என்று பள்ளிக்கூடம் கடிதம் கொடுத்திருந்தது. கேற்றின் சாவி என் கையில். அவர் வெளியே நின்றதற்குக் காரணமும் நான்.

சாவி என்னிடம் இருந்தது எல்லாருக்கும் தெரியும். மற்றது எங்கள் இருவருக்கும், என் மனைவிக்கும் மட்டும்தான் தெரியும்.

ஐஸும் இல்லை, புல்லும் இல்லை

சில வாரங்களுக்கு முன் இந்தத் தொடரில் போகிற போக்கில் ஹொக்கி என்று எழுதிவிட்டேன். ஹரோவிலிருந்து ஒரு வாசகர், “அது ஐஸில் சறுக்கி விளையாடுகிறதா, தரையில் விளையாடுகிறதா?” என்று கேட்டிருந்தார். பதில் எழுதி, அனுப்பாமல் மூன்று நாள் வைத்திருந்தேன். பிழையாக எழுதிவிட்டேனோ என்ற பயம். ஐயா, இது தரை ஹொக்கி. இந்த நாட்டில் இப்போது அதைப் புல்லிலும் விளையாடுவதில்லை. மணல் தூவிய செயற்கைக் கம்பளத்தில் விளையாடுகிறார்கள். கம்பளம் பள்ளிக்கூடங்களில் இருக்கிறது. கழகங்கள் சனிக்கிழமைகளில் வந்து விளையாடிவிட்டுப் போகும்.

கிழக்கு லண்டனில் செவன் கிங்ஸ் பக்கத்தில் அப்படியொரு பள்ளிக்கூடத்தில் நான் காப்பாளர். கதவு திறப்பது, பூட்டுவது, பல்ப் மாற்றுவது, சத்தி எடுத்த பிள்ளையின் வகுப்பறையைக் கழுவுவது. கேற்றுக்குப் பக்கத்தில் சின்ன வீடும் தந்திருந்தார்கள். வேலை இருக்கும்வரை வீடு. வேலை போனால் வீடும் போகும். இந்த ஒரு வரியை நினைத்து நான் விழித்துக்கொண்ட காலைகள் எத்தனை என்று மனைவிக்குத்தான் தெரியும்.

பதினாலு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஊரில் நிலைமை அப்படி, எங்கள் வீட்டு நிலைமையும் அப்படி. பிறகு லண்டனில் நாற்பத்தேழு கதவுகள் உள்ள ஒரு பள்ளிக்கூடத்தின் சாவி முழுவதும் என் இடுப்பில் வந்து தொங்கியது. பூட்டிவிட்டு வீடு வருவேன். சப்பாத்தைக் கழற்றுவேன். திரும்பப் போட்டுக்கொண்டு போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பேன்.

“இன்னொருக்காப் போகேல்லையோ?” என்று மனைவி கேட்பா. பகிடிக்குத்தான். ஆனால் நான் போவேன்.

ஸ்டேஷன் மாஸ்டர் ஆட்கள்

கோச்சின் பெயர் கோவிந்தராஜு. அணிக்காரருக்கு ராஜு. எனக்குக் கடைசிவரை கோச்தான். மலேசியத் தமிழர், வசனத்துக்கு வசனம் அந்த ஊர் ‘லா’ வரும். படிக்க வந்து, இங்கேயே ஒரு ஆஸ்பத்திரியில் மருத்துவக் கருவிகள் திருத்தும் பிரிவில் வேலை எடுத்து, அதிலேயே ஓய்வு பெற்றவர்.

முதல் சனிக்கிழமை அவர் வந்தபோது நான் கேற்றைத் திறந்துவிட்டு ஓரமாய் நின்றேன். என் முகத்தையும் சட்டையில் குத்தியிருந்த பெயரையும் பார்த்தார்.

“சிலோனா?”

“ஓம். யாழ்ப்பாணம்.”

“அதானே பார்த்தேன்!” என்று தொடையில் தட்டினார். “எங்கப்பா செந்தூல் ரயில்வே பட்டறையில வேலை. அங்க ஸ்டேஷன் மாஸ்டர் எல்லாம் உங்க ஆளுங்கதான். அப்பா அவங்களைப் பார்த்தாலே சிகரெட்டைப் பின்னால மறைப்பாரு. நான் கடல் தாண்டி இவ்வளவு தூரம் வந்தா, இங்கேயும் கேட்டுச் சாவி உங்க கையிலேயே இருக்கு!”

அன்றிலிருந்து அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. “என்ன யாழ்ப்பாணம், பசியாறியாச்சா?” என்பார். காலைச் சாப்பாடு சாப்பிட்டாயா என்று அர்த்தம். முதல் தடவை எனக்கு விளங்கவில்லை. “இல்லை, எனக்குப் பசிக்கேல்லை” என்றேன். அதை வருடக்கணக்காகச் சொல்லிச் சிரித்தார்.

படியிறங்கி வந்தவர்

ரயில்வே குடியிருப்பின் சீமெந்துத் தரையில், டென்னிஸ் பந்தை வைத்து விளையாடிப் பழகியவர் அவர். பதினெட்டு வயதில் மாநில இளையோர் அணி. பிறகு தேசிய அணித் தெரிவுக்குக் கூப்பிட்டார்கள். பதினாறு பேர் வேண்டும். அவர் பதினேழாவது.

இந்தக் கதையை அவர் அடிக்கடி சொல்வார். கொஞ்சம் கூடுதலாகவே சொல்வார் என்பதையும் எழுதத்தான் வேண்டும். ஒவ்வொரு தடவையும் தெரிவு நாளில் வெயில் இன்னும் ஏறியிருக்கும். ஆனால் முடிவு மட்டும் மாறாது. “பதினாறாவது ஆளு என்னைவிட நல்ல பிளேயர் லா. அதுல சந்தேகமே இல்ல.” அதைச் சொல்லும்போது குரலில் கசப்பு ஒரு சொட்டும் இராது. நானாக இருந்தால் பதினாறாவது ஆளின் வீட்டு விலாசத்தைத் தேடியிருப்பேன்.

லண்டனில் கழகத்தின் முதலாவது அணியில் இடதுபக்க ஆட்டக்காரராகத் தொடங்கினார். முழங்கால் தேயத் தேய இரண்டாவது அணி, மூன்றாவது அணி. “மத்தவங்க மேல ஏறிக் கோச் ஆவாங்க. நான் கீழ இறங்கி இறங்கி, இதுக்குக் கீழ அணி இல்லைன்னதும் கோச் ஆயிட்டேன்” என்பார். அந்த மூன்றாவது அணிக்குத்தான் ஏறத்தாழ இருபது வருடம் பயிற்சி கொடுத்தார். லீக்கில் ஆகக் கீழே உள்ள பிரிவு. அதற்குக் கீழே பூங்காதான்.

அவர் கார் ஓட்டினால் பின்னால் இருப்பவர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள். யாருடைய பெயரும் நினைவில் நிற்காது. ஆனால் ஒருவன் பந்தை வாங்கும்போது எந்தக் காலில் பாரம் வைக்கிறான் என்பதை மட்டும் மறக்கமாட்டார்.

இரண்டு நிமிடம்

நான் அவரிடம் மிகவும் வியந்தது ஒரு பழக்கத்தை.

இந்த விளையாட்டில் ஆளை எத்தனை தடவையும் மாற்றலாம். கை காட்டினால் ஒருவன் வெளியே வருவான், இன்னொருவன் உள்ளே ஓடுவான். மற்ற அணிகளின் கோச்மார், ஒருவன் பிழைவிட்ட உடனே வெளியே கூப்பிடுவார்கள். அவன் ஓரத்தில் தண்ணீர்ப் போத்தலைக் காலால் உதைத்துக்கொண்டு நிற்பான். கோச் அப்படிச் செய்ததே இல்லை. யாராவது பெரிய பிழை விட்டால் அவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். குறைந்தது இரண்டு நிமிடம் அவனை அசைக்கமாட்டார்.

ஒருநாள் கேட்டேன்.

“தப்பு பண்ணவனை உடனே வெளிய எடுத்தேன்னு வையி, அந்தத் தப்பு அவன்கூடவே வீட்டுக்குப் போயிடும். ராத்திரி சாப்பாட்டுல உக்காரும். ரெண்டு நிமிஷம் உள்ளேயே விட்டா, இன்னொரு பந்து அவனைத் தேடி வரும். அதை ஒழுங்கா அடிச்சுட்டான்னா, அப்புறம் அவனை எடுக்கலாம். எடுக்கவே வேணாம்.”

“அந்த இரண்டாவது பந்தையும் பிழைவிட்டால்?”

“மூணாவது வரும். திடல்ல பந்துக்கு என்ன பஞ்சம்?”

மைதானத்தை அவர் திடல் என்றுதான் சொல்வார். அவர்கள் ஊர்ச் சொல். எனக்கு இப்போது அதுதான் வாயில் வருகிறது.

பழுப்பு உப்பு

இனி அந்தக் காலைக்கு வருகிறேன். இந்த இடத்துக்கு வராமல் இருக்கத்தான் இவ்வளவு நேரம் சுற்றினேன் என்று நினைப்பீர்கள். சரிதான்.

சில வருடங்களுக்கு முந்திய ஒரு மார்ச் மாதம். அந்தப் பருவம் அணிக்கு என்ன வந்ததோ தெரியாது, வென்றுகொண்டே போனார்கள். பட்டியலில் இரண்டாம் இடம். முதலாம் இடத்து அணி எங்கள் திடலுக்கு வருகிறது. அன்று வென்றால் அடுத்த வருடம் மேல் பிரிவு. இருபது வருடத்தில் கோச் ஒரு அணியையும் மேலே கொண்டுபோனதில்லை. “ஒரே ஒரு படி ஏறிப் பார்த்துட்டுப் போயிடுறேன் லா” என்று அந்த வாரம் என் குசினியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

அந்த மாட்ச் ஏற்கெனவே ஒரு தடவை உறைபனியால் தள்ளிப்போனது. கம்பளம் உறைந்தால் கண்ணாடிபோல் வழுக்கும். நடுவர் சப்பாத்தால் ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பார், தலையை ஆட்டுவார், முடிந்தது.

சனி காலை ஆறு மணிக்கு யன்னலைத் திறந்தேன். திடல் வெள்ளையாய்க் கிடந்தது.

கேற்றடியில் ஒரு மஞ்சள் பெட்டி உண்டு. அதற்குள் பழுப்பு நிற உப்பு. பனி நாட்களில் நடைபாதையில் தூவுவது. எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. உப்புப் போட்டால் பனி உருகும், அவ்வளவுதான். தள்ளுவண்டியில் அள்ளி அள்ளிக் கொண்டுபோய்ச் சவள் என்கிற மண்வாரியால் வீசினேன். பதினொரு வண்டி. கை விறைத்துச் சவள் நழுவியது. முதுகு விட்டுப்போனது. ஆனால் வாழ்க்கையில் அபூர்வமாக, அந்த ஒன்றரை மணித்தியாலம் எனக்கு ஒரு பயமும் இருக்கவில்லை. யாருக்கோ நல்லது செய்கிறோம் என்ற சூடு.

பனி உருகியது. உருகியதும் அந்த உப்பில் இருந்த களிமண் கரைந்தது. ஒன்பது மணிக்குத் திடல் முழுக்கப் பழுப்புக் கூழ். தோசை மாவை ஊற்றிவிட்டதுபோல. உறைபனியைவிட மோசமாக வழுக்கியது.

செயற்கைக் கம்பளத்துக்கு வேறு உப்பு இருக்கிறது. வெள்ளையாய், தூளாய், மண் கலக்காதது. அது எங்கள் கொட்டிலிலேயே ஒரு மூலையில் மூட்டையாக இருந்தது. எதை எங்கே போடவேண்டும் என்று சுவரில் தாள் ஒட்டியிருந்தது. அந்தத் தாளைப் படித்து விளங்கிக்கொண்டேன் என்று வேலைக்குச் சேர்ந்த மாதமே கையெழுத்து வைத்திருந்தேன்.

அவசரத்தில் மறந்துபோனேன் என்று எழுத ஆசை. உண்மை அதுவல்ல. நான் அதைப் படிக்கவே இல்லை. நெருக்கமாக எழுதிய ஆங்கிலத்தைக் கண்டால் எனக்கு நெஞ்சு அடைக்கும். கையெழுத்துப் போடுவது சுகம்.

“நான்தான் போட்டேன்”

பத்து மணிக்கு இரண்டு அணிகளும் வந்துவிட்டன. நடுவர் சப்பாத்தால் இழுத்தார். சப்பாத்துப் போன இடத்தில் நீளமாகப் பழுப்புக் கோடு.

“இது பனியில்லை. யாரோ எதையோ போட்டிருக்கிறார்கள். யார்?”

பள்ளிக்கூடத்தின் நிர்வாக மேலாளர் கரோலின் அன்று காலை ஏதோ வேலையாக வந்திருந்தார். அவரும் வேலியடியில் நின்றார்.  வீடு, மனைவி, மகளின் பள்ளிக்கூடம், எல்லாம் கண்ணுக்குமுன் ஒரு லொறியில் ஏறிக்கொண்டிருந்தன.

கோச் என்னைப் பார்த்தார். முகத்தை அல்ல. முதலில் என் சப்பாத்தை, பிறகு சிவந்து வீங்கிய என் கையை. நகங்களுக்குள் பழுப்பு.

“நான்தான் போட்டேன்” என்றார் ஆங்கிலத்தில். “விடியக் காலையிலே வந்து போட்டேன். என் முட்டாள்தனம்.”

கழகத்துக்கென்று சின்னக் கேற்றின் சாவி ஒன்று கோச்சிடம் இருந்தது. உப்புப் பெட்டியும் பூட்டில்லாதது. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. டேவ் கோச்சையே பார்த்தார். அந்த முகத்தில் இருந்த ஏமாற்றம் இப்போதும் என் கண்ணில் இருக்கிறது. அது எனக்கு வந்திருக்க வேண்டிய ஏமாற்றம். கோச் அதை நேராக நின்று வாங்கிக்கொண்டார்.

சொந்தத் திடலைத் தாங்களே கெடுத்ததால் புள்ளிகள் எதிரணிக்குப் போயின. பருவம் முடிய எங்கள் அணி மூன்றாம் இடம். மேலே போவது இரண்டு அணிகள்தான்.

பள்ளிக்கூடம் கோச்சின் சாவியை வாங்கிக்கொண்டு கடிதம் கொடுத்தது. அணி வரலாம், அவர் வரக்கூடாது, பருவம் முடியும்வரை. இயந்திரத்தோடு இரண்டு பேர் வந்து இரண்டு நாள் கம்பளத்தைக் கழுவினார்கள். அவர்களுக்குக் கேற்றைத் திறந்துவிட்டவன் நான்.

தேத்தண்ணி போகாத வேலி

அடுத்த புதன்கிழமைப் பயிற்சிக்கு அவர் வரமாட்டார் என்று நினைத்தேன். மாலை ஏழு மணிக்கு வெளிப் பாதையில் மஞ்சள் கோட்டுத் தெரிந்தது.

அப்படித்தான் ஐந்து வாரம். வேலியைப் பிடித்துக்கொண்டு பயிற்சி கொடுத்தார். நாய் கூட்டிவரும் ஒரு ஆங்கிலேய அம்மா, இரண்டாவது வாரம் அவருக்கு மடக்குக் கதிரை ஒன்று கொண்டுவந்து கொடுத்தா. மூன்றாவது வாரம் அந்த அம்மாவே, “நம்பர் ஏழு இடத்தைவிட்டு நகருகிறான்” என்று சொல்லத் தொடங்கிவிட்டாவாம். “ஐ ஹேவ் அசிஸ்டன்ட் கோச் நவ்” என்று கோச்சுக்குப் பெருமை.

நான் தேத்தண்ணி கொண்டுபோவேன். வேலிக் கண்ணிக்குள் விரல் போகும், கோப்பை போகாது. கேற்றால் வெளியே வந்து பள்ளிக்கூடத்தைச் சுற்றி அரைவாசித் தெரு நடக்கவேண்டும். போய்ச் சேரும்போது ஆறியிருக்கும். அதை ஊதி ஊதிக் குடிப்பார், சூடாக இருக்கிறதுபோல.

வீட்டில் மனைவிக்கு அன்றே எல்லாம் சொல்லியிருந்தேன். நான்காவது வாரம் கேட்டா.

“இஞ்சேருங்கோ, அந்த மனிசன் இன்னும் எத்தினை நாளைக்கு மழையுக்கை நிக்கிறது?”

“வீடு போனா என்ன செய்யிறது?”

“வாடகைக்கு ஒரு அறை எடுப்பம். முந்தி இருக்கேல்லையே? ஈஸ்ட் ஹாமிலை, நகைக்கடைக்கு மேலை, எட்டுப் பேர் ஒரு குசினியிலை?” உருளைக்கிழங்கு சீவுவதை நிறுத்தாமலே சொன்னா. “நீங்கள் இப்ப சாப்பாட்டை அளைஞ்சுபோட்டு எழும்புறியள். எனக்கு அதைப் பாக்க ஏலாது.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்தப் பிழை என்னோடு வீட்டுக்கு வந்திருந்தது. சாப்பாட்டில் உட்கார்ந்திருந்தது.

என்னை ஏன் எடுத்தனீங்கள்?

முதலில் சொன்ன அந்தத் தூறல் சனிக்கிழமைக்கு இப்போது திரும்பி வருகிறேன். இடைவேளை விட்டதும் தேத்தண்ணியோடு தெருவைச் சுற்றிப் போனேன். அன்று கதிரை நனைந்திருந்ததால் நின்றுகொண்டிருந்தார்.

“கோச், நான் போய்ச் சொல்லப்போறன்.”

“என்னத்த?”

“உப்புப் போட்டது நான்தான் எண்டு. கரோலினிட்டை.”

முகம் மாறிவிட்டது. அவருக்குக் கோபம் வந்து நான் கண்டது அன்றைக்குத்தான்.

“பைத்தியமா உனக்கு? இன்னும் ஒரு மேட்ச்தான் இருக்கு. எனக்கு என்ன லா, மழைக்கோட்டு இருக்கு, நாய் இருக்கு, அசிஸ்டன்ட் இருக்கு. உனக்கு வீடு இருக்கு. அத யோசி.”

“யோசிச்சுத்தான் சொல்லுறன்.”

“வேணாம். கெளம்பு.”

நான் போகவில்லை.  கேட்டேன்.

“போன கிழமை கீப்பர் காலுக்குள்ளாலை பந்தை விட்டவனெல்லோ? அவனை நீங்கள் வெளியிலை எடுத்தனீங்களோ?”

“இல்ல.”

“அப்ப என்னை ஏன் எடுத்தனீங்கள்?”

வேலிக்கு உள்ளே நடுவரின் விசில் கேட்டது. இரண்டாம் பாதி தொடங்கிவிட்டது. இருபது வருடத்தில் முதல் தடவையாக அவர் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி, நனைந்த கோட்டின் உட்பக்கத்தால் துடைத்தார். துடைக்கத் துடைக்க இன்னும் மங்கலானது.

“அப்படி நான் யோசிக்கல” என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “சரி, போ. திங்கக்கிழமை காலையில போய்ச் சொல்லு. ஷூவைத் துடைச்சிட்டுப் போ.”

நாலு மாலை

திங்கட்கிழமை கரோலினின் கதவைத் தட்டினேன். சொல்லவேண்டிய ஆங்கில வசனங்களை இரண்டு நாள் பாடமாக்கியிருந்தேன். உள்ளே போனதும் ஒன்றும் வரவில்லை. “சால்ட். மீ. நாட் ராஜு” என்றேன். அவ்வளவுதான் வந்தது.

அவர் எழுந்து அலுமாரியைத் திறந்து ஒரு கோவையை எடுத்தார். என் கையெழுத்து இருந்த தாளை மேசையில் வைத்தார்.

“இதைப் படித்தீர்களா?”

“இல்லை.”

“ஏன்?”

ஆங்கிலம் ஓடாது, பதினாலு வயதோடு நின்றுவிட்டேன், கேட்க வெட்கம், எல்லாவற்றையும் துண்டு துண்டாகச் சொன்னேன்.  “ராஜு ஏன் தான்தான் போட்டதாகச் சொன்னார்?” என்று மட்டும் கேட்டார்.

“எனக்கு வீடு இருக்கிறபடியால்.”

கரோலின் யன்னலைப் பார்த்தார். அங்கிருந்து பார்த்தால் திடலும் வெளிப் பாதையும் தெரியும். ஐந்து வாரமாக அந்த மஞ்சள் கோட்டை அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார்.

எழுத்தில் ஒரு எச்சரிக்கை வந்தது. என் கோவையில் இன்றும் இருக்கிறது. வேலை போகவில்லை, வீடு போகவில்லை. ஆனால் நான் கையெழுத்துப் போட்ட அத்தனை தாள்களையும் அவருக்கு முன்னாலிருந்து சத்தமாக வாசிக்கவேண்டும் என்றார். நாலு மாலை. ஏணித் தாள், கொதிகலன் தாள், பூச்சிமருந்துத் தாள். அறுபது வயதை நெருங்கும் கைகளை மேசையில் வைத்து வாசித்தேன். உப்புத் தாளைக் கடைசியாக வைத்திருந்தார். அதை இரண்டு தரம் வாசிக்கவைத்தார்.

டேவிடமும் மற்றவர்களிடமும் நானே சொன்னேன். டேவ் என் கைகளைப் பார்த்தார். பிறகு, “பதினொரு வண்டியா? தனியாகவா?” என்றார்.

கடைசி மாட்ச் அன்று காலை, கோச் வழக்கம்போல வெளிப் பாதையில் கதிரையை விரித்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடம் தடையை எடுத்துவிட்டதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை, நான் சொல்லவேண்டும் என்று விட்டிருந்தார்கள். நான் கேற்றைத் திறந்து அகலத் தள்ளிவிட்டு அவரைக் கூப்பிட்டேன்.

கதிரையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார். அணி முழுக்கக் கை தட்டியது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

“வெளிய இருந்து பார்த்தாத்தான் தெரியுது” என்று உள்ளே கால் வைத்ததும் தொடங்கிவிட்டார். “இடது பக்கம் மொத்தமும் காலியாக் கிடக்கு. இருபது வருஷமா நான் தப்பான எடத்துல நின்னிருக்கேன்!”

மறுபடியும் ஒரு வெள்ளைக் காலை

அணி இன்றுவரை அந்தப் பிரிவில்தான் இருக்கிறது. ஒரு தடவை கீழே போயிருக்கும், போவதற்கு இடமில்லாததால் தப்பியது. கோச் இப்போதும் வருகிறார். முதல் பாதி உள்ளே, இரண்டாம் பாதி வெளியே கதிரையில். பக்கத்தில் நாயும் அசிஸ்டன்டும்.

அடுத்த பனிக்காலம் வந்தபோது ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் காலநிலை அறிவிப்பை மூன்று இடத்தில் பார்ப்பேன். தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஆறு மணிக்கு யன்னலைத் திறந்தேன். திடல் வெள்ளையாய்க் கிடந்தது.

போன் அடித்தது.

“என்ன யாழ்ப்பாணம், திடல் எப்படி?”

“உறைஞ்சுபோய்க் கிடக்கு, கோச். நான் உப்பைத் தொடேல்லை. நீங்கள் வந்து போடுறீங்களோ? இல்லாட்டி மாட்சைத் தள்ளிவைப்பமோ?”

மறுமுனையில் கரண்டியும் கோப்பையும் உரசுகிற சத்தம். பசியாறிக்கொண்டிருந்தார்.

“நீயே போடு” என்றார். வைத்துவிட்டார்.

கொட்டிலுக்குப் போனேன். மூட்டையின் மேல் இருந்த எழுத்தை வாசித்தேன். சுவரில் இருந்த தாளை வாசித்தேன். திரும்பவும் மூட்டையை வாசித்தேன். உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டிப் பார்த்தேன். வெள்ளை. பிறகுதான் வண்டியை எடுத்தேன்.

பத்து மணிக்கு நடுவர் சப்பாத்தால் இழுத்தார். சப்பாத்து நின்றது. தலையை மேலும் கீழும் ஆட்டினார்.

கோச் கேற்றுக்கு வெளியே, வந்து இறங்கிய எதிரணிக்கு நடுவில் நின்றார். நடுவரையும் பார்க்கவில்லை, திடலையும் பார்க்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“என்ன யாழ்ப்பாணம், நின்னுக்கிட்டு இருக்க? கேட்டைத் திற. ஆளுங்க குளிர்ல நிக்குறாங்க.”